நீலகிரி இறக்கத்தில் பிக்கப்: எவ்வளவு ஏற்றலாம், எதை இழுக்கலாம்?

மேட்டுப்பாளையத்தில் சிமெண்ட் ஏற்றிய பிக்கப் ஒன்று திணறித் திணறி ஊட்டி வந்து சேர்ந்துவிட்டால், "வண்டி ஒன்றரை டன் தாங்குது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏறியது உண்மைதான். ஆனால் மறுநாள் அதே எடைக்குக் கேரட் மூட்டை அடுக்கிக்கொண்டு குன்னூர் வழியாகக் கீழே இறங்கும்போது சோதனை பிரேக்குக்கு. ஏற்றத்தில் என்ஜினுக்கு முடியவில்லை என்றால் வண்டி நின்றுவிடும், வேறு வண்டி பிடித்து மூட்டையை மாற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக்குக்கு முடியவில்லை என்றால் நிற்கவே நிற்காது. அதனால் மலையில் லோடு கணக்கை இறக்கத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி.

சொந்தமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமில்லை, தோட்டத்துக்கு வாடகை வண்டி பிடிக்கிறவர்களுக்கும் இது உதவும். முக்கால்வாசி ஓவர்லோடு மூட்டைக்குச் சொந்தக்காரர் வற்புறுத்தித்தான் ஏறுகிறது.

ஆர்சியில் இரண்டு எண்

விளம்பரத்தில் டாடா ஏஸ் முக்கால் டன், தோஸ்த் ஒன்றேகால் டன், பொலேரோ பிக்கப்பில் 1.3 டன்னும் 1.7 டன்னும், யோதாவில் 2 டன் மாடலும் உண்டு என்று வரும். ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் வண்டிகள் பார்வைக்குப் பயில்வான், விலையும் பல மடங்கு, ஆனால் சுமை என்று பார்த்தால் சுமார் அரை டன்தான். பெயரையும் உருவத்தையும் விட்டுவிட்டு ஆர்சியை எடுங்கள். அதில் வண்டியின் வெற்று எடையும், லோடு உட்பட இருக்க வேண்டிய மொத்த எடையும் கிலோவில் இருக்கும். எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம்.

மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதைத்தான் எல்லோரும் 'லோடு' என்கிறோம். அங்கேதான் முதல் ஓட்டை. மோட்டார் வாகனச் சட்டத்தில் வெற்று எடை என்பது டிரைவரையும் கிளீனரையும் சேர்க்காத எடை. நீங்கள் பிறகு வெல்டிங் வைத்த இரும்புக் கிராதி, கேபின் மேல் போட்ட கேரியர், நனைந்த தார்ப்பாய், கயிறு, ஜாக்கி எதுவும் அதில் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆர்சியில் மொத்தம் 2,990, வெற்று எடை 1,700 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,290 கிலோ. டிரைவரும் கூட வருகிறவருமாக 140 கிலோ. பக்கவாட்டுக் கிராதி 60. தார்ப்பாய் 25. கயிறு, ஜாக்கி, முட்டுக்கட்டை 20. ஆக 245 கிலோ போய்விட்டது. மூட்டைக்கு மிஞ்சுவது 1,045 கிலோ. '1.3 டன் வண்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போது ஒரு டன் வண்டி.

நிறைய பிக்கப்களின் மொத்த எடை 3,000 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 3,000 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்பது சட்டம், கம்பெனிகளும் அந்தக் கோட்டுக்குள் வைத்தே வண்டியைப் பதிவு செய்ய வசதி தேடுகின்றன. அதை வைத்து "காகிதத்தில்தான் 2,990, வண்டி நிஜத்தில் அதிகம் தாங்கும்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சமவெளியில் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கலாம். குன்னூருக்குக் கீழே பர்லியார் இறக்கத்தில் கிடையாது.

எடை மேடையில் மூன்று எடை

கண்ணால் பார்த்து எடை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். எடை மேடையில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைச் செலவைத் தாண்டாது. ஆனால் பெரும்பாலும் மொத்த எடையை மட்டும் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். மேடைக்காரரிடம் சொன்னால் மூன்று தடவை போட்டுத் தருவார்: முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் மட்டும்.

சீட்டில் முன்னால் 1,050, மொத்தம் 3,150, பின்னால் 2,100 என்று வருவதாக எடுத்துக்கொள்வோம். மொத்தத்தில் 160 கிலோதான் கூடுதல், 'பரவாயில்லை' என்று தோன்றும். இப்போது பின் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அளவை எழுதிய இடத்துக்கு அடுத்து 98, 104, 106 என்பது போல ஒரு எண் இருக்கும். அது டயரின் சுமைக் குறியீடு. 98 என்றால் ஒரு டயருக்கு 750 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950. நம் வண்டியில் 104 போட்டிருந்தால் பின்பக்க இரண்டு டயரும் சேர்ந்து 1,800 கிலோதான். அதன் மேல் உட்கார்ந்திருப்பது 2,100. மொத்தத்தில் சின்னதாகத் தெரிந்த மீறல் பின் டயரில் 300 கிலோ. பழைய டயருக்குப் பதில் விலை குறைவான டயர் மாட்டும்போது அளவை மட்டும் பார்த்து இந்த எண்ணைப் பார்க்காமல் விடுவது நம் ஊரில் சகஜம்.

காற்று அழுத்தம் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, முழு லோடுக்குச் சொன்ன அளவு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். "மலைக்குப் போனால் காற்று தானாகக் கூடும், குறைத்துப் பிடி" என்று சொல்வார்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் ஊட்டிக் குளிர் அதை ஏறக்குறைய இறக்கிவிடும். குறைத்துப் பிடிக்க வேண்டாம்.

எதை ஏற்றுகிறீர்கள்?

பிக்கப்பின் லோடு பாடி ஏறக்குறைய எட்டரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம். அதில் எம்-சாண்ட் பரப்பினால் ஏழு அங்குல உயரத்திலேயே 1.3 டன் வந்துவிடும். ஏழு அங்குலம் என்பது பக்கப் பலகையின் பாதிகூட இல்லை. பார்க்கிறவருக்கு 'பாதி வண்டி காலியாக இருக்கிறதே' என்றுதான் தோன்றும். மேலே இன்னொரு ஏழு அங்குலம் கொட்டச் சொல்வது அந்தக் கண்தான்.

பச்சைத் தேயிலை இதற்கு நேர் எதிர். கொழுந்து சாக்கு குவிந்து கிடக்கும், எடை குறைவு. ஆனால் உயரமாக அடுக்குவதால் வளைவில் சாயும். கேரட், பீட்ரூட் நடுவில் நிற்கும் சரக்கு. கேத்தி, பாலாடா பக்கம் மெஷினில் கழுவி ஈரத்தோடு மூட்டை பிடிப்பார்கள். தோட்டத்தில் போட்ட எடை ஒன்று, கழுவி ஈரச் சாக்கில் கட்டிய எடை வேறு. எடை மேடைக்குப் போவதென்றால் கழுவிய பிறகு போங்கள்.

தண்ணீர்த் தொட்டி தனி ஆபத்து. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீரே ஒரு டன். அது பாதி நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் மொத்தமும் வெளிப்பக்கம் ஓடி வண்டியை அந்தப் பக்கமே தள்ளும். ஒன்று முழுசாக நிரப்புங்கள், இல்லை காலியாகக் கொண்டு போங்கள். மாடு ஏற்றினாலும் இதே கதைதான். கலப்பினக் கறவை மாடு ஒன்று 400 கிலோவுக்கு மேல் இருக்கும், வளைவில் அது கால் மாற்றி வைத்தாலே ஸ்டீயரிங்கில் தெரியும். குறுக்கே தடுப்புக் கட்டை கட்டாமல் ஏற்றாதீர்கள்.

அடுக்குவதும் கட்டுவதும்

கனமானது கீழே, கேபினை ஒட்டி முன்னால். பின்பலகையைத் தாண்டி நீளும் கம்பியும் மரமும் பின் அச்சை அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகத் தெரிகிறது என்றால், வண்டி 'ஸ்மூத்தாக' ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். முன் டயருக்குப் பிடி குறைந்திருக்கிறது.

கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: முன்பக்கமாகச் சரக்கு எடையின் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதத்தையும் தாங்க வேண்டும். ஒரு டன் சரக்கு என்றால், சடன் பிரேக்கில் 800 கிலோ கேபினை நோக்கி வருகிறது என்று நினைத்துக் கட்டுங்கள். அரைக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஓரம் கட்டி ஒருமுறை கயிற்றை இழுத்துப் பாருங்கள். மூட்டை படிந்து கயிறு தொளதொளவென்று ஆவது அந்த அரைக் கிலோமீட்டரில்தான்.

பிரேக் கணக்கு

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். வித்தியாசம் 1,500 மீட்டருக்கு மேல். சாலை தூரம் 34 கிலோமீட்டர் அளவு, நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்திலேயே ஓடும் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது. 1899இல் குன்னூர் வரை ரயில் விட்டவர்களுக்கு வெறும் சக்கரத்தையும் பிரேக்கையும் மட்டும் நம்பி அந்தச் சரிவில் இறங்க மனசு வரவில்லை.

மூன்று டன் வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது அது இழக்கும் சக்தி மொத்தமும் வெப்பமாக மாறியாக வேண்டும். எவ்வளவு வெப்பம்? ஏறக்குறைய 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. டயர் உரசலும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மிச்சத்தை என்ஜினும் பிரேக்கும் பங்கு போட வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் என்ஜின் பங்கு பூஜ்யம், எல்லாம் பிரேக் தலையில். வண்டியில் ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் இன்னும் 45 லிட்டர் கொதிக்கும் வெப்பம் சக்கரத்துக்குள் இருக்கும் அதே பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம்மின் அளவு கூடவில்லை, அதில் உரசி வண்டியை நிறுத்தும் லைனரின் தடிமனும் கூடவில்லை.

சூடு ஏறினால் இரண்டு விதமாகக் கெடும். லைனர் வழுக்க ஆரம்பிக்கும்: பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இல்லையென்றால் பிரேக் ஆயில் கொதிக்கும்: பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியிலும் டாட் 4 ஆயில் 230 டிகிரியிலும் கொதிக்கும் என்பது தரக் கணக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 டிகிரிதான். மூடுபனியிலும் மழையிலுமே கிடக்கும் நம் வண்டிக்கு இது முக்கியம். லைனர் மாற்றுவார்கள், வீல் சிலிண்டர் மாற்றுவார்கள், ஆயிலை மட்டும் 'குறைந்தால் ஊத்திக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். வருஷம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், பழைய ஆயிலை முழுசாக வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

இங்கே பட்டை (லீஃப் ஸ்பிரிங்) விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் லோடு தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. பட்டை தாங்கும், சரி. டயர், பேரிங், அச்சு, பிரேக் எதுவும் மாறவில்லையே. அது மட்டுமில்லை. பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேல் ஒரு சின்ன வால்வு இருக்கும், ஒரு கம்பி அதை அச்சோடு இணைத்திருக்கும். லோடு ஏறி வண்டி பின்னால் தணியத் தணிய அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் வண்டி தணியாது. வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிக லோடு, குறைந்த பிரேக். பட்டை போட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் அந்தக் கம்பியையாவது கம்பெனி சர்வீஸில் சரி செய்யச் சொல்லுங்கள்.

லோடில் நான் கழிப்பது

ஆர்சி கணக்கில் வந்த 1,045 கிலோவை மலை இறக்கத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். குன்னூர், கோத்தகிரிப் பாதைகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பேன். மழை, மூடுபனி என்றால் நான்கில் ஒரு பங்கு. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவும் கடுமை. லோடு வண்டிக்கு அந்த வழியே வேண்டாம் என்பேன். கூடலூர் சுற்றி வந்தால் டீசல் கூடுதல்தான், ஆகட்டும். இதெல்லாம் சட்டம் சொன்ன எண் அல்ல. தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வருவதற்குள் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்கும், அங்கே எதிரே ஒரு பஸ் வந்தால் ரிவர்ஸில் ஏற வேண்டும். அந்த இடத்தை நினைத்துப் போட்ட கழிவு.

ஏறும்போது, இறங்கும்போது

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் வளைவில் நின்று எடுக்கும்போது டர்போ இன்னும் விழித்திருக்காது. அப்போது ஹாஃப் கிளட்சில் இழுத்தால் வாடை அடிக்கும். முதல் கியரில் ஹேண்ட் பிரேக் வைத்து எடுங்கள். ரேடியேட்டர் மூடியும் முக்கியம். அந்த உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் கீழே கொதிக்காத வண்டி மேலே கொதிக்கும்.

இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர். வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை மேலோட்டமாக மிதித்துக்கொண்டே வருவதைவிட, அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது, டிரம்முக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குகிறவர்தான், விதியே அப்படி.

லைனர் தீய்ந்த வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். சக்கரத்துக்குக் கல் முட்டு வையுங்கள், வண்டியைக் கியரில் விடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். வளைவு நடுவில் விட்டுப் போன கல் இரவில் பைக்கில் வருகிறவரின் உயிரை எடுக்கும்.

ஓடும்போதே பிரேக் போய்விட்டால் என்ஜினை அணைக்காதீர்கள். பெடலை வேகமாக மிதித்து மிதித்து எடுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். கடைசி வழி, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, மண் சரிவில் உரசி நிறுத்துவது. வண்டி போகட்டும்.

கட்டி இழுப்பது

யூடியூபில் அமெரிக்க பிக்கப் ஐந்து, ஆறு டன் டிரெய்லரை இழுப்பதைப் பார்த்துவிட்டு "நம்ம வண்டியும் பிக்கப்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இழுவைத் திறனுக்கென்று ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அது அகலமான நெடுஞ்சாலை, கொண்டை ஊசி வளைவு கிடையாது. விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணும் ஒரு குறிப்பிட்ட என்ஜின், குறிப்பிட்ட ஆக்சில் கொண்ட மாடலுக்கு மட்டும் உரியது. டிரெய்லருக்கும் சொந்தமாக பிரேக் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸுக்கு 3,500 கிலோ வரை அனுமதி, ஆனால் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பிக்கப்புக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் கான்கிரீட் மிக்சர் மெஷினும் கம்ப்ரஸரும். ஹாப்பர் வைத்த மிக்சர் ஒரு டன்னைத் தாண்டலாம். அதற்கு பிரேக் கிடையாது, பட்டை கிடையாது, பல சமயம் பின்விளக்கும் கிடையாது. கொக்கி லோக்கல் பட்டறையில் வெல்டிங் வைத்தது. இதைக் கட்டிக்கொண்டு குன்னூர் இறக்கத்தில் வருவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மெஷினைச் சின்ன லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

டிரெய்லர் கட்டியே ஆக வேண்டிய இடத்தில், முதலில் வண்டியின் கையேட்டைத் திறந்து இழுவை எடை கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும், கூடினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். அந்தக் கொக்கி எடையும் வண்டியின் லோடு கணக்கில் சேரும்.

பழுதான வண்டியை இழுப்பதென்றால், கயிறு சமதரைக்கு மட்டும். இறக்கத்தில் பின் வண்டி முன் வண்டி மேல் ஏறும். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். இரும்பு ராடு போட்டு, ஐந்து மீட்டருக்குள் இடைவெளி வைத்து, பக்கத்திலுள்ள அகலமான இடம் வரை மட்டும் இழுங்கள். மிச்ச வழிக்கு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

அபராதமும் வாடகையும்

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வைக்கலாம். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. மூட்டை மேல் ஆள் உட்கார வைத்துப் போவதற்குப் பேசவே வேண்டாம்.

உண்மையில் ஓவர்லோடு எங்கே ஆரம்பிக்கிறது என்றால் வாடகை பேசும்போது. 'ஒரு டிரிப்புக்கு இவ்வளவு' என்று பேசினால், தோட்டக்காரர் இன்னும் நாலு மூட்டை திணிக்கத்தான் பார்ப்பார். "அண்ணா, நாலு மூட்டைதானே, பார்த்துப் போயிடலாம்" என்பார். டிரைவரும் அடுத்த வாடகையை நினைத்து "சரி, ஏத்துங்க" என்பார். மூட்டைக்கு இவ்வளவு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மிஞ்சுகிற மூட்டையை மறுநாள் வேறு தோட்டக்காரரின் லோடோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கழுவிய கேரட் ஒரு நாள் தாமதமாகப் போனால் விலையில் கொஞ்சம் அடிபடும். அந்தத் தொகையை முன்கூட்டியே இரண்டு பேரும் பேசிப் பிரித்துக்கொண்டால், ஏற்றும் நேரத்தில் தகராறு வராது.